டம்ளர் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, இன்னும் கட்டப்படாத வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பவள் பர்ஸானா. எர்ணாகுளத்துக் கட்டட நிறுவனங்கள் இரண்டு அவளுக்கு வேலை தருகின்றன. வீட்டில் பேசுவது தமிழ். எழுத வேண்டுமென்றால் மலையாளம். கணவன் அல்தாஃப் மூன்று வருடமாக ஷார்ஜாவில், ஒரு கிடங்கில் இருக்கிறான். துபாயில் விளம்பரப் படங்கள் செய்யும் நிறுவனம் ஒன்று ஆள் தேடுகிறது என்று அவன்தான் சொன்னான். தேர்வுக்கு கம்ப்யூட்டரிலேயே செய்த ஒரே ஒரு படம்: கண்ணாடி டம்ளரில் பாலில்லாத சாயா. தேறினால் விசா. விசா வந்தால் இருவருக்கும் நடுவே ஒரு பஸ் தூரம்தான்.

கண்ணாடி பிடிவாதமான பொருள். மரத்துக்கு நிறம் உண்டு, செங்கல்லுக்குச் சொரசொரப்பு உண்டு. கண்ணாடி, சுற்றி இருப்பதை வாங்கித்தான் கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் அவள் சுற்றிலும் வெறும் வெள்ளையை வைத்தாள். டம்ளர் எந்த ஊரிலும் இல்லாத டம்ளராக நின்றது. பிறகு அறையின் நடுவில் நின்று, காமிராவை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் அந்த அறையையே டம்ளரைச் சுற்றி வைத்தாள். ஜன்னலின் சாயல் டம்ளரில் விழுந்தது.

ஆனால் சாயா வரவில்லை. அல்தாஃபின் தங்கை ஹிஸானா, வைட்டிலாவில் மொபைல் கடைக்குப் போகிறவள், காலையில் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள்.

"எந்தா மதினி, இது சாயாவா ஜெல்லியா?"

"சாயாதான். போடீ, பஸ்ஸு போயிரும்."

"ஸ்பூனால அப்படியே தோண்டி எடுக்கலாம் போல இருக்கே. அண்ணன் பார்த்தா, ஊருக்கே திரும்பி வரலன்னு சொல்லிரும்."

கிண்டல்தான், ஆனாலும் தவறு அங்கேதான் இருந்தது. ஒன்றையொன்று இடித்துவிடக் கூடாதென்று சாயாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருந்தாள். கவனமுள்ள யாரும் அப்படித்தான் விடுவார்கள். கம்ப்யூட்டர் அதைக் காற்று என்று எடுத்துக்கொண்டது. சாயாவைச் சுற்றி வெள்ளிக்கோடு ஓடியது. சரியாக ஒட்டி வைத்தால் கரும்புள்ளிகள் விழுந்தன. மூன்று நாள் போயிற்று. கடைசியில் சாயாவைச் சற்றே பெரிதாக்கி, கண்ணாடிச் சுவருக்குள் இழையளவு நுழைய விட்டாள். எந்த டம்ளரிலும் நடக்காத காரியம். படத்தில் அதுதான் உண்மையாகத் தெரிந்தது. இதிலிருந்து ஒரு கொள்கையை உருவாக்குவது சுலபம், அவள் உருவாக்கவில்லை. சாயா சாயாவாக இருந்தது, அவ்வளவுதான்.

படத்தை அனுப்பிய அன்றே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். ஜிப் ஓடுகிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தேர்ந்தெடுத்திருந்தார்கள். இவ்வளவு நன்றாக அங்கிருந்தே செய்ய முடிகிறபோது இங்கே வர வேண்டிய அவசியமில்லை, வேலையைக் கொச்சிக்கே அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு திருத்தம்: டம்ளர் விளிம்பில் தெரியும் சிவப்புக் கறையை அழித்துவிடவும்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கறை இல்லை, ஜன்னல் கம்பியில் தொங்கும் அல்தாஃபின் சிவப்பு ஹெல்மெட். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அன்று அவன் மாட்டிவிட்டுப் போனது. அறையைப் படமெடுத்தபோது அதுவும் உடன் வந்திருக்கிறது. அழித்து அனுப்பினாள்.

சாயங்காலம் அல்தாஃப் கூப்பிட்டான்.

"அப்போ வர வேண்டாம்னுட்டாங்களா?"

"இங்கேயிருந்தே செஞ்சா போதுமாம், மச்சான்."

அந்தப் பக்கம் ஏதோ லாரி பின்னால் வரும் சத்தத்துக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

"நீ கொஞ்சம் மோசமா செஞ்சிருக்கலாம், பர்ஸா."

"மோசமா செஞ்சா வேலையே இல்ல. இதுல ஒரு சிவப்புப் புள்ளிய வேற அழிக்கச் சொன்னாங்க."

"என்ன புள்ளி?"

"உங்க ஹெல்மெட்டு. ஜன்னல்ல தொங்குதுல்ல, அது கிளாஸ்ல விழுந்திருக்கு."

"அது இன்னும் அங்கேயா கெடக்கு?"

"பின்ன எங்க போகும்?"

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"எனக்கு அழிக்காததை அனுப்பு."

அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்பதற்கான நீலக்குறி உடனே விழுந்தது. பதில் வர நேரமாயிற்று. பெரிதாக்கித் தேடிக்கொண்டிருந்திருப்பான், அந்தப் புள்ளி அவ்வளவு சிறியது.