இரண்டடி பின்னால்

சிலம்பம் நிஜச் சண்டைக்கு உதவுமா என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

எழுபதுகளில் மயிலாப்பூரில் ஐந்து வருடம் கற்றவன் நான். ஆட்டத்தில் எதிராளியின் மேல் கம்பு பட்டால் ஒரு புள்ளி. பட்டவுடன் இரண்டடி பின்வாங்கி நிற்க வேண்டும்.

ஒரு மாலை நொச்சிக்குப்பத்தில், குடித்திருந்த ஒருவன் மீன் வெட்டும் கத்தியோடு என் மீனவ நண்பன் மாரியை நெருங்கினான். பயிற்சிக்குக் கொண்டுபோன கம்பை வீசினேன். கத்திக்காரன் தோளில் சரியாகப் பட்டது. நான் இரண்டடி பின்வாங்கி நின்றேன்.

அவன் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையோடு மாரி கேட்டான்: “நல்லாத்தானே அடிச்சே மச்சி, அப்பால இன்னாத்துக்கு நின்னுட்டே?”

பயந்துவிட்டேன் என்றேன்.

அந்தக் கையால் அவன் மறுபடி வலை இழுக்கவே இல்லை. எனக்கு ஒரு புள்ளி என்று எண்ணிக்கொண்டு நின்றதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.