மஞ்சள் பையும் ஓட்டுநரில்லா டாக்சியும்

அறுமுகத்தால் எத்திசையும் நோக்கி, மயிலேறி விரைந்து வரும் பெருமானே, புறப்பட்டவர் எல்லோரையும் போய்ச்சேர வைப்பாயாக.

சென்ற வாரம் வைகாசி விசாகம். காலை ஒன்பது மணிக்கே சிவகாசிப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். உடன் என் தங்கை மகன் பாஸ்கர். அமெரிக்காவில் வேலை; விடுமுறைக்கு வந்திருக்கிறான். விருதுநகர்க் கோயிலுக்குக் காரில் போவோம் என்றவனை, விசாகத்தன்று அடியார்களோடு போவதே முறை என்று பேருந்துக்கு இழுத்து வந்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் அவன் ஊர்ப் பெருமையைத் தொடங்கினான். அங்கே டாக்சிக்கு ஓட்டுநரே கிடையாதாம். போனில் தொட்டால் வாசலுக்கு வருமாம். தூங்காது, குடிக்காது, போட்டி போட்டு முந்தாது. இனி நகரங்களுக்குப் பேருந்து எதற்கு என்றான்.

ஒரு பேருந்தில் போகிற அறுபது பேரும் ஆளுக்கொரு டாக்சி பிடித்தால் சாலை என்னாவது? நான் கேட்டேன். அவன் சிரித்தான்.

"ஒங்க முருகனோட மயிலுக்கு டிரைவர் யாரு மாமா?"

மேலே அமர்ந்திருப்பவனே ஓட்டுகிறான் என்று சொல்லிவிட்டு, வென்ற மிதப்பில் நிமிர்ந்தேன். அந்த மிதப்புக்கு ஆயுள் பத்து நிமிடம்தான்.

பக்கத்தில் ஒரு தாயும் மகளும். தாயின் பெயர் காளீஸ்வரி; ஒரு பட்டாசுக் கம்பெனியில் தொழிலாளி. தினமும் கம்பெனி வேனில் போகிறவர். பேருந்துக் கூட்டத்தில் இடம் பிடித்துப் பழக்கமில்லை. மகளுக்கு விருதுநகரில் நர்சிங் படிப்புக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, பதினொரு மணிக்கு. ஒரு நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

இடம் பிடிக்க நம் ஊரில் வழி என்ன? சன்னல் வழியாகப் பையை எறிவதுதானே! ஐம்பது ஆண்டுப் பயிற்சி எனக்கு. ஒரு பேருந்து உள்ளே நுழைந்தது. முகப்புக் கண்ணாடியில் மாலை சூடிய முருகன்... கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தத் தாயின் கையிலிருந்த மஞ்சள் பையை உரிமையோடு வாங்கினேன். எறிந்தேன். சன்னலோர இருக்கையில் போய் விழுந்தது.

பேருந்து நிற்கவில்லை. ஆட்களை ஓட்டத்திலேயே ஏற்றிக்கொண்டு, வளைந்து வெளியேறியது.

"அய்யா, அது ஆலங்குளம் போற வண்டி" என்றார் காளீஸ்வரி. "புள்ளையோட சர்ட்டிபிகேட் அம்புட்டும் அதுலதான் இருக்கு."

பாஸ்கர் என்னைப் பார்த்தான். "நீங்க பார்த்தது போர்டையா மாமா, முருகனையா?"



நேரக் காப்பாளர் அறைக்கு ஓடினோம். அவர் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்தார். "ஏலே, சன்னல் சீட்டுல ஒரு மஞ்சப் பை கெடக்கா பாரு. ஒரு புள்ளையோட படிப்பு அதுல இருக்குலே."

பை இருந்தது. அங்கிருந்து சிவகாசி நோக்கி வரும் வண்டியில் கொடுத்து அனுப்புவதாக நடத்துநர் சொன்னார். அதற்குள் விருதுநகர்ப் பேருந்து வந்து நிரம்பிவிட்டது. கிளம்பும் நேரம் ஒன்பது நாற்பத்தைந்து. அதை விட்டால் அடுத்தது பத்தேகாலுக்கு. பத்தேகால் வண்டியில் ஏறினால் பதினொரு மணிக்குள் சேர முடியாது. அந்தப் பெண் பிள்ளை நிலைய வாயிலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் ஆறெழுத்தை எத்தனை முறை உருவேற்றினேன் என்று எனக்கே தெரியாது.

நாற்பத்தைந்தும் ஆயிற்று. நேரக் காப்பாளர் ஊதலை வாயருகே கொண்டுபோனார்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். "படிக்கப் போற புள்ள. அஞ்சு நிமிசம் இருங்கய்யா."

அறுபது பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். நேரக் காப்பாளர் ஊதலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேறுபக்கம் பார்த்தார்.

ஆறாவது நிமிடம் பை வந்தது! வழியில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகளும் ஒட்டி நின்று, ஓட்டுநர் கையிலிருந்து ஓட்டுநர் கைக்கு மாறியதாம். காளீஸ்வரி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பேருந்துக்குள் யாரோ கைதட்ட, அது கடைசி இருக்கை வரை பரவியது.

உட்கார இடமில்லை. முன்னிருக்கைக்காரர் ஒருவர் எழுந்து மகளுக்கு இடம் தந்தார். நான் காளீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அதுனால என்னய்யா. ஆனா இனிமே எனக்கு எடம் மட்டும் போட்டுராதீக. நான் நின்னுக்கிட்டே வந்துக்கிடுதேன்."

சிரிப்பில் வண்டியே குலுங்கியது. பத்தே முக்காலுக்கு விருதுநகர். மகள் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஓடினாள். மாலையில் காளீஸ்வரியிடமிருந்து போன் வந்தது: சரிபார்ப்பு முடிந்தது, இடம் உறுதி.

தரிசனம் முடிந்து திரும்புகையில் பாஸ்கரிடம் கேட்டேன்: உன் டாக்சி நேரம் தவறாது, சரி. ஊதலைச் சட்டைப்பைக்குள் போடுவதற்கு அதற்கு யார் கற்றுக்கொடுப்பது?

அவன் யோசித்தான். "வாஸ்தவம் மாமா. ஆனா அந்த டாக்சின்னா பையை எறிய வேண்டிய தேவையே வராதே."

அதுவும் மெய்தானே? எறிந்தது என் கை. எறிய வைத்தது இடமில்லாத கூட்டம். வேண்டிய அளவு பேருந்து விட்டால் யார் பையை எறியப் போகிறார்கள்? துணையற்ற முதியவருக்கு, பார்வையற்றவருக்கு அந்த டாக்சியும் வரட்டும், வாழ்த்தி வரவேற்பேன். அறுபது பேர் சேர்ந்து ஆறு நிமிடம் காத்திருக்கும் வண்டி மட்டும் குறையாமல் ஓடட்டும்.

இதைப் படிக்கும் அனைவருக்கும் வேலவன் அருளால் நல்ல வழியும், நல்ல வழித்துணையும், எறியாமலே ஒரு சன்னலோர இருக்கையும் வாய்க்கட்டும்!