மைலேஜ் மருந்து பாட்டிலின் பின்பக்கம்

காலையில் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

என் பழைய டீசல் பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டி வைக்கோல் கட்டு ஏற்றினால், டீசலை மடமடவென்று குடிக்கும். "வித்துத் தொலைங்கப்பா" என்று மகள் சொல்லாத நாளில்லை. விற்க மனமில்லாமல், பாபநாசம் ரோட்டுக் கடையில் மைலேஜ் மருந்து வாங்கி ஒரு வருடமாக டேங்கில் ஊற்றுகிறேன்.

இன்றும் வாங்கினேன். இப்போதுதான் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டேனே! கடை வாசலில் நின்றபடி பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்து. கால் மணி நேரம் ஆனது.

"டயரில் காற்றைச் சரியாக வைத்து, பாரத்தைக் குறைத்து, நிதானமாக ஓட்டினால் மட்டுமே பலன் தெரியும்."

"ஏம்ப்பா, இதெல்லாம் செஞ்சா மருந்தே இல்லாம மைலேஜ் வருமே! அப்புறம் இது எதுக்கு?"

கடைக்காரர் சிரித்தார். "இத்தனை நாளா நீங்க கேக்கலையே பெரியவரே."

"இத்தனை நாளா எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா!"

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போனேன். பிக்கப் டயர்களில் காற்று சரியாக இருந்தது. டிரெய்லரையும் பார்த்த பஞ்சர் கடைக்காரர், "இந்த ரெண்டுலயும் பாதிதாங்க இருக்கு. காத்து புடிச்சு எத்தனை மாசமாச்சு?" என்றார்.

டிரெய்லருக்கும் காற்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கோபம் மட்டும் என் மேல்.

காற்று பிடித்து, கட்டுகளைக் குறைத்து ஏற்றி, தஞ்சாவூர் வரை நிதானமாகப் போய்த் திரும்பினேன். டீசல் முள் வழக்கமாக விழும் இடத்துக்கு விழவில்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

உங்கள் வீட்டு பாட்டில்களின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? இங்கே எழுதுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரியையும் விடமாட்டேன்.