எட்டாம் நம்பர் பஸ்காரரும் கேப்டன் ஷிகெனோவும்

குசாகாபே தெட்சுவோவோடு வாதாடி ஜெயித்தவர்கள் ஹமாசே ஊரில் யாரும் இல்லை. நானும் ஜெயித்ததில்லை. ஆனால் அவர் வாயை அடைக்க எனக்கு ஒரு வழி தெரியும். துறைமுகத்துக்குப் பின்னால் கோழி சுடும் கடை என்னுடையது. பேச்சு முற்றிக் குரல் ஏறும்போது அவர் தட்டில் குச்சியில் கோத்துச் சுட்ட ஈரல் இன்னொன்றை வைத்துவிடுவேன். அதை அவர் மென்று முடிக்கும்வரை மற்றவர்கள் பேசிக்கொள்ளலாம்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து மைதானம், ரயில் ஸ்டேஷன் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி வரை போகும் எட்டாம் நம்பர். முப்பத்தொரு வருடமாக அதே தடம். ஒரு நிமிடம் தாமதமானால் ஓட்டுநர் மைக்கில் மன்னிப்புக் கேட்பது எல்லாப் பேருந்திலும் உண்டு. குசாகாபே மன்னிப்போடு நிறுத்தமாட்டார். "மீன் சந்தை வாசலில் வெள்ளை வண்டியை நிறுத்தியவரால் ஒரு நிமிடம் தாமதம். மன்னிக்கவும்" என்பார். அந்த வெள்ளை வண்டி யாருடையது என்று பேருந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தப்பு யார் செய்தாலும் அதைப் பெயரோடு சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ஆட்ட நாட்களில் விடுப்பு வேண்டும் என்பதற்காகப் புத்தாண்டு மூன்று நாளும் சக ஓட்டுநர்களின் முறையையும் சேர்த்து அவரே ஓட்டுவார். மனைவி ஹட்சுயே வீட்டில் தனியாகப் புத்தாண்டு சூப்பைக் குடித்துவிட்டு, எட்டாம் நம்பரில் ஏறி, அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி வருவாள். அதுதான் அவர்களின் பண்டிகை. இதெல்லாம் எதற்கு என்றால், கேலரியில் ரசிகர்களின் பாட்டுக்குக் கொட்டு அடிப்பவர் அவர். அணி தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பெரிய கொட்டை வேறு யாரும் தொட்டதில்லை. தொட விட்டதும் இல்லை.

எங்கள் அணிக்கு முப்பது வயதாகிறது. கோப்பை ஒன்றும் கிடையாது. ஆனால் சண்டை போட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வால்தெய்ர் என்ற பிரேசில்காரன் அறுபத்து நாலு கோல் அடித்தான், பயிற்சி நேரத்தில் துறைமுகத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தெய்வமா சோம்பேறியா என்று இன்றும் அடித்துக்கொள்வோம். தோபே என்ற கோல்காவலன் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தடுத்தான், அடுத்த வருடம் பக்கத்து ஊர் கிரியோவின் பச்சைச் சட்டையில் வந்து நின்றான். இவர்கள் விஷயத்தில் ஊர் சரிபாதியாகப் பிரியும். கேப்டன் ஷிகெனோ விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. ஒரு பக்கம் ஊர் மொத்தமும், மறுபக்கம் குசாகாபே ஒருவரும்.

ஷிகெனோ செய்தது இதுதான். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் கேலரிக்கு முன்னால் வரிசையாக வந்து குனிந்து வணங்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் வர வேண்டும். எங்கள் கேலரியில் அதற்கு ஒரு விதி கூடுதலாக உண்டு. முதலில் கொட்டு மூன்று முறை மெதுவாக ஒலிக்கும். "வாங்க, முகத்தைக் காட்டுங்க" என்று அதற்கு அர்த்தம். கொட்டு ஒலிக்கவில்லை என்றால் "வராதே" என்று அர்த்தம். முப்பது வருடத்தில் ஊர்க் கணக்குப்படி அப்படி நடந்தது ஒரே ஒரு தடவை, ஓடாமல் நின்று ஏழு கோல் வாங்கிய அன்று.

பதினோரு வருடத்துக்கு முன்னால், பருவத்தின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே போதும், முதல் பிரிவில் இருந்துவிடலாம். எண்பத்து மூன்றாம் நிமிடம் ஷிகெனோ பெனால்டியை வெளியே அடித்தார். எண்பத்தெட்டில் ஒரு கோல் வாங்கினோம். விசில் ஊதியதும் நாங்கள் மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதோம். நிமிர்ந்து பார்த்தபோது ஷிகெனோ மற்ற பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஒரு வணக்கம் இல்லை. அடுத்த மாதம் வேறு அணியில் சேர்ந்தார். என்ன நடந்தது என்று எந்தப் பத்திரிகைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறு வருடம் அந்த அணியோடு அவர் இங்கே ஆட வந்தபோது, "முதுகைக் காட்டியவன்" என்று ஆறு மீட்டர் துணியில் எழுதிக் கட்டியவள் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்று அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் என் தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கு வெட்கப்பட்டதே இல்லை, போன மாதம் வரை.

இந்த வருடம் மைதானச் சுவரில் முப்பது பெயர்களைப் பொறிக்கப் போகிறார்கள். பெயர்களை ரசிகர் குழுவே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம் என்று அணி நிர்வாகம் சொல்லிவிட்டது. என் கடைக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமை மதியம் இருபத்து மூன்று பேர் கூடினோம். குழுத் தலைவர் நிட்டா, பல் வைத்தியர். வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேள்வி கேட்டுப் பழகியதால் அவருக்குப் பதிலுக்காகக் காத்திருக்கும் பழக்கம் இல்லை.

இருபத்தொன்பது பெயர் முடிய மூன்று மணி நேரம் ஆனது. வால்தெய்ர் உள்ளே வந்துவிட்டான். கடைசி இடத்துக்கு இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று தோபே, மற்றது ஷிகெனோ. ஷிகெனோவின் பெயரைச் சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம்.

"குசாகாபே சார், வருஷா வருஷம் இதே பாட்டா? சலிக்கலையா உங்களுக்கு?" என்றார் நிட்டா.

"நூத்தித் தொண்ணூறு ஆட்டம் ஆடினவர். மூக்கு உடைஞ்சும் ஆடினவர். உன் பல் ஆஸ்பத்திரியில ஊசியைப் பார்த்ததும் ஓடுற ஆளுங்கதான் இங்க அவரைப் பத்திப் பேசுது."

"ஆடினார். யார் இல்லைன்னா? தோபே பச்சைச் சட்டை போட்டான். ஆனா போறதுக்கு முன்னாடி வந்து நின்னு, குனிஞ்சு, எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிட்டுப் போனான். அந்தத் தைரியம் உங்க கேப்டனுக்கு இல்லையே."

"கூப்பிட்டா வந்திருப்பார்."

"கூப்பிடலையா? மூணு அடி விழுந்துச்சே. என் காதால கேட்டேன்."

"நானும் கேட்டேன்," என்றேன். "டொம், டொம், டொம்னு. இன்னிக்கும் காதுல இருக்கு. அதைக் கேட்டும் திரும்பிப் போனான் பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

நான் ஈரல் குச்சியைத் தட்டில் வைத்தேன். அவர் தொடவில்லை. நிட்டா கை தூக்கச் சொன்னார். தோபேவுக்குப் பதினெட்டுக் கை. ஷிகெனோவுக்கு நாலு, அதுவும் தோபேவின் பச்சைச் சட்டையை மன்னிக்காதவர்களுடையது. குசாகாபே இரண்டுக்குமே தூக்கவில்லை. நிட்டா தாளில் தோபேவின் பெயரை எழுதப் போனார்.

"எழுதாத," என்றார் குசாகாபே. "அன்னிக்கு நான் கொட்டு அடிக்கல."

யாரோ சிரித்தார்கள். வாதத்தில் தோற்கும்போது அவர் எதையாவது இழுத்துவிடுவார் என்பது எங்களுக்குப் பழக்கம்.

"நான் கேட்டேங்கறேன்," என்றார் நிட்டா.

"அடிக்க வேண்டியவன் நான். நீ என்னத்தைக் கேட்ட? எப்பவும் கேக்கறதை அன்னிக்கும் கேட்டதா நெனச்சுக்கிட்ட. அவ்வளவுதான்."

நிட்டா என்னைப் பார்த்தார். என் கடை அலமாரியில் அந்த ஆட்டத்தின் டிவிடி இருக்கிறது. கடை டிவியில் பதிவு செய்தது. மேலே "பார்க்காதே" என்று எழுதி ஒட்டியிருந்தேன், நானும் பார்த்ததில்லை. அதைத் தேடி எடுத்துப் போட்டேன். இருபத்து மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

விசில் ஊதுகிறது. எங்கள் அழுகை கேட்கிறது. நான் அழுவதுகூடத் தனியாகக் கேட்கிறது. ஷிகெனோ மைதானத்தின் நடுவில் நிற்கிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பின்னால் சேர்கிறார்கள். அவர் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பக்கத்தில் இருப்பவன் ஏதோ கேட்கிறான், அவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். காத்திருக்கிறார். நாங்களும் கடையில் காத்திருந்தோம். டொம் என்ற சத்தம் வரவே இல்லை. பிறகு அவர் திரும்பினார்.

நான் டிவியை நிறுத்தினேன். பதினோரு வருடம் நான் சத்தியம் செய்து சொன்ன சத்தம் அது.

"ஏன் அடிக்கல?" என்று கேட்டார் நிட்டா. அவர் பதிலுக்காகக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"கோபம். அந்தப் பெனால்டி மேல கோபம். கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு சிக்னல் மாறுற நேரம் இருக்கும். அப்புறம் அடிக்கலாம்னு குச்சியைத் தூக்கினேன். அதுக்குள்ள அவர் திரும்பிட்டார். திரும்பினவரைக் கொட்டு அடிச்சுக் கூப்பிடறதா? அந்த வழக்கம் நம்மகிட்ட இல்லையே."

"மறுநாள் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இங்க வந்தேன். இந்தக் கடை அக்கா இருக்காங்களே, வாசல்லயே பிடிச்சு, கொட்டைக் கேட்டும் போயிட்டான் பாருங்கன்னாங்க. எல்லாரும் ஆமான்னீங்க. அது எனக்கு வசதியா இருந்துச்சு. ரெண்டு நாள்ல எனக்கே அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துருச்சு. அப்புறம் ஒரு நாள் அவர் என் பஸ்ல ஏறினார்."

குசாகாபே ஈரல் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஊரை விட்டுப் போறார், பெரிய பை. முன்னாடி சீட்டுல உக்காந்தார். ஓட்டும்போது நாங்க பேசக் கூடாது. அவரும் பேசல. ஸ்டேஷன்ல இறங்கும்போது, இத்தனை வருஷம் கொட்டு அடிச்சதுக்கு நன்றின்னு சொல்லிட்டு, என் முன்னாடி குனிஞ்சு வணங்கினார். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கதவு மூடுது, கவனம்னு மைக்குல சொன்னேன்."

நிட்டா எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. "பதினோரு வருஷமா எங்க வாயால அவரைத் திட்ட வச்சீங்க. வெள்ளை வண்டிக்காரனை ஊர் முன்னாடி மைக்குல மாட்டி விடற ஆள் நீங்க."

"ஆமா."

"ஆமான்னா?"

"ஆமான்னா ஆமாதான். வேற என்ன இருக்கு?"

அவர் தன் பையிலிருந்து இரண்டு கொட்டுக் குச்சிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். முப்பது வருடத்தில் மூன்று தடவை மாற்றிய குச்சிகள். பிடிக்கும் இடம் கறுத்துப் போயிருந்தது. வைத்துவிட்டு, கை தூக்க வந்த மற்றவர்களில் ஒருவரைப் போலத் தன் இடத்தில் உட்கார்ந்தார். "திரும்ப எண்ணு," என்றார்.

ஷிகெனோவுக்குப் பத்தொன்பது கை. என் கையும் அதில் இருந்தது. தூக்கும்போது எனக்கு அழுகை வந்தது. குசாகாபேவை அந்த நிமிடம் அடித்திருப்பேன்.

அன்று சாயங்காலமே ஷிகெனோவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆறு மீட்டர் துணியில் எழுதியது நான்தான் என்று பெயர், முகவரியோடு எழுதினேன். தெற்கே எங்கோ சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி. இதுவரை பதில் இல்லை. வராவிட்டாலும் அது அவர் உரிமை.

குச்சிகள் இப்போது கவாசே என்ற நர்ஸிடம் இருக்கின்றன. பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவள்தான் அடித்தாள். குசாகாபே வரமாட்டார் என்று பாதிப் பேர் சொன்னார்கள், வரக் கூடாது என்று மீதிப் பேர் சொன்னார்கள். அவர் வழக்கம்போல முதல் ஆளாக வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். கையில் ஒன்றும் இல்லாததால் பாட்டுக்குப் பாட்டு கை தட்டிக்கொண்டே இருந்தார். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். கவாசே மூன்று முறை அடித்தாள், ஆட்டக்காரர்கள் வந்து குனிந்தார்கள்.

கூட்டம் கலையும்போது எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் இளவட்டம். பின்னால் நிற்பது யார் என்று தெரியாது.

"முப்பது வருஷம் மழையிலயும் பனியிலயும் அடிச்ச மனுஷன். ஒரே ஒரு தப்பு. அதுவும் தானா ஒத்துக்கிட்டார். அவர் பேரையும் சுவத்துல போடணும்."

"போடா. ஒரு ஆளோட பேரைக் கெடுத்துட்டுப் பதினோரு வருஷம் ஈரல் தின்னவரு. இனிமே மைதானத்துக்குள்ளயே விடக் கூடாது."

நான் குசாகாபேவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, முதலில் பேசியவனைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்றது தப்பு," என்றார், மைக்கில் பேசும் அதே குரலில். "ஒத்துக்கிட்டதெல்லாம் ஒரு பெருமையா? மறுநாளே சொல்லியிருக்கணும். சொல்லலை. அந்த ஆள் பக்கம் ஒரு நியாயமும் கிடையாது. உக்காரு, ஏன்னு சொல்றேன்."

அவன் விடவில்லை, எதிர்த்து வாதாடினான். கேலரி காலியாகி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கும்வரை குசாகாபேவும் விடவில்லை. ஜெயித்தது அவர்தான்.