செக்கிங் அக்கா வீட்டுச் சாப்பாட்டு நேரம்

அந்தத் தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் முந்நூறு பெண்களும் வரிசையில் நின்று, கைப்பையையும் சாப்பாட்டு டப்பாவையும் அவளிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட முடியும். பதினோரு வருஷமாக அதே வேலை. ஜிப், லேஸ், நூல்கண்டு என்று எது எந்த மடிப்பில் பதுங்கியிருந்தாலும் அவள் விரல் போய் நிற்கும். கொண்டைக்குள் இரண்டு முழம் லேஸைச் சுருட்டி வைத்திருந்தவளை, "என்னம்மா, காலைல விட இப்ப முடி அடர்த்தியா இருக்கு?" என்று கேட்டே பிடித்தவள். யாராவது முணுமுணுத்தால், "மடியில கனம் இல்லேன்னா வழியில எதுக்குப் பயம்?" என்பாள். அதற்குப் பதில் சொல்ல முந்நூறு பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

வேலைக்கு வேண்டிய குணம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குணம் கேட்டோடு நிற்காமல் அவள் பின்னாலேயே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டதுதான் வம்பு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே நிறுத்துப் போட்டால், இவர் ஏன் இன்றைக்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பாள். சிரிக்காமல் போட்டால் கேட்கவே வேண்டாம். "இவ வீட்டுக்குள்ள கொசு நுழையணும்னாகூட இறக்கையத் தூக்கிக் காட்டணும்" என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் இருந்தது நாலே பேர். கணவர் சரக்கு லாரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஐந்து வயது மகள் ஆளும் சிறிசு, குரலும் சிறிசு. அதனால் எல்லோருக்கும் அவள் கடுகு. நாலாவது ஆள் நாத்தனார், கணவரின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல், ஒரே ஒரு துணிப்பையோடு திரும்பி வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கடுகைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், மதியம் ஊட்டிவிடுவதும், தூங்க வைப்பதும் அவள்தான். அதிகம் பேச மாட்டாள். அதுவே செக்கிங் அக்காவுக்கு உறுத்தலாக இருந்தது. வாய் திறக்காத ஆளிடம்தான் எதுவாவது இருக்கும் என்பது அவள் பதினோரு வருஷ அனுபவம்.

கடுகுக்கு அந்த வாந்தி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு இரண்டு. நாலு வாய் நன்றாகச் சாப்பிடுவாள். திடீரென்று மெல்லுவதை நிறுத்துவாள். கண் விரியும், எச்சில் வழியும், சாப்பிட்டது சாப்பிட்டபடியே தட்டில் வந்து விழும். காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. பத்து நிமிஷத்தில் மறுபடி பொம்மையோடு உட்கார்ந்திருப்பாள்.

தெருமுனை டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். அடுத்த மாதம் டானிக் கொடுத்தார். மூன்றாவது தடவை, "பிடிவாதம்மா. கண்டுக்காதீங்க, தானா சரியாகும்" என்று மேசையைத் தட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவர் ஏன் இவ்வளவு அவசரமாக அனுப்புகிறார் என்று அக்கா ஒரு வாரம் டாக்டரைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் பால். அப்புறம் குழாய்த் தண்ணீர். அப்புறம் பள்ளியில் கடுகுக்குப் பக்கத்தில் உட்காரும் குண்டுப் பையன் என்ன கொடுக்கிறான் என்று ஆசிரியையிடம் போய் விசாரித்தாள். அவனும் சோதனையில் தேறிவிட்டான்.

வீட்டில் கடுகையும் விடவில்லை. "வாய்லயே வச்சுக்கிட்டு உக்காராதே, முழுங்கு. அம்மாவ ஏமாத்த இதெல்லாம் பண்றியா?" என்று ஒரு நாள் அதட்டினாள். குழந்தை அதற்குப் பிறகு அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டது. அதையும் அக்கா தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள்: யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அவள் தேடியது காரணத்தை அல்ல, ஆளை. ஆளைத் தேடினால் ஆள் கிடைக்காமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே ஊட்டுவாள். நேரத்தை மிச்சம்பிடிக்க ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுக் கொடுப்பாள், சோற்றைக் குழைத்துக் கொடுப்பாள். அன்றைக்கு வாந்தி கிடையாது. வார நாளில் மதியம் கறியும் சோறும் நாத்தனார் கையால். வாந்தி வந்தால் அந்த நாட்களில்தான். இதை இரண்டு மாதம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு பிசகவில்லை. என் கையில் தங்குகிறது, அவள் கையில் தங்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கணவரிடம் போனில் சொன்னாள்.

"என்ன பேசுற நீ? அவ பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறா."

"பெத்தவ நான் இருக்கும்போது மாதிரி எதுக்குங்க?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். தங்கையை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அவளுக்கு முன்பே தெரியும்.

ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அரைநாள் லீவு போட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைகிறோமே என்று ஒரு நொடி வெட்கமாக இருந்தது, ஒரு நொடிதான். சமையலறை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். நாத்தனார் கடுகை மடியில் உட்கார்த்தி வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கை தட்டுக்குப் போனது, பிள்ளை வாய்க்குப் போனது. சரி. கொஞ்ச நேரம் கழித்து, டிஷ்யூ காகிதத்தோடு கை மறுபடி வாய்க்குப் போனது. எதையோ வாங்கியது, மடித்தது, பக்கத்தில் இருந்த துணிப்பைக்குள் நழுவவிட்டது. பதினோரு வருஷத்தில் அவள் ஆயிரம் தடவை பார்த்த கை அசைவு அது.

உள்ளே போனாள்.

"பையத் திற."

"அண்ணி, நீங்க எப்ப..."

"பையத் திறன்னு சொன்னேன்."

நாத்தனார் அசையவில்லை. அக்காவே பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். சீப்பு, கைக்குட்டை, ஒரு சின்னக் கத்தரிக்கோல். அதோடு ஏழெட்டு டிஷ்யூ உருண்டைகள். பிரித்தாள். ஒவ்வொன்றிலும் மென்று சக்கையாகிப்போன கறி. பிள்ளைக்குப் போக வேண்டிய சாப்பாடு.

"இதான் நீ ஊட்டுற லட்சணமா? 'நல்லா சாப்பிட்டா அண்ணி, நல்லா சாப்பிட்டா அண்ணி'ன்னு தினமும் சொன்னியே! தின்னது பிள்ளையா, உன் பையா? இல்ல, இதுல எதையாவது கலந்துட்டு தடயத்த மறைக்கிறியா?"

நாத்தனார் கடுகைப் பார்த்தாள். கடுகு தரையைப் பார்த்தாள். "நான் தப்பு எதுவும் பண்ணல அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு நாத்தனார் எழுந்து கை கழுவப் போனாள். அவ்வளவுதான். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. மடியில் கனம் இல்லாதவள் இப்படியா நிற்பாள் என்று அக்கா மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டாள். அன்று சாயங்காலமே நாத்தனார் அதே துணிப்பையோடு வெளியேறினாள். நாலு தெரு தள்ளி ஒரு சலவைக்கூடத்தில் வேலையும், அதன் மாடியில் இருந்த பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டார்கள். கணவர் மூன்று நாள் போன் பண்ணவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அக்கா லீவு போட்டாள். இனி என் கை, என் பிள்ளை. முதல் நாளே கறி வாங்கி, பதமாக வேகவைத்து, முழுத் துண்டாக ஊட்டினாள். மூன்றாவது வாய் வெளியே வந்தது. பழைய பழக்கம், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தாள். மறுநாள் ரொட்டி வெளியே வந்தது. அதற்கு மறுநாள் முட்டையும் வந்தது. சனிக்கிழமை பள்ளிப் பாவாடையைத் துவைக்கப் போடும்போது, இடுப்பில் போன மாதம் குத்திய ஊக்குக்குப் பக்கத்தில் இன்னொரு ஊக்கும் குத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். குழந்தை வற்றிக்கொண்டு வந்தது. சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோயிற்று. வாந்தி தீரவில்லை.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தைகளின் வயிற்றுக்கென்றே இருந்த டாக்டர் ஒரு வயதான பெண். என்ன சாப்பிட்டாள் என்று எல்லோரையும் போல அவர் கேட்கவில்லை. எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"குமட்டிக்கிட்டு வருதா, இல்ல தானா திரும்பி வருதா?"

"வந்து... வருது டாக்டர்."

"ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி கேப்பாளா? ஒரு வேளை சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? எது தங்குது, எது தங்கலை?"

ஊட்டுபவளின் கையை இரண்டு மாதம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவள், சாப்பிடுகிற வாயை ஒரு நாளும் பார்த்திருக்கவில்லை.

"கறி மாதிரி கெட்டியா ஏதாவது குடுத்தா, மென்னு மென்னு முழுங்க முடியாம துப்புவாளா?"

அக்காவுக்கு அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்தது. ஏழெட்டு டிஷ்யூ உருண்டைகள். அவற்றைத் தன் கையால் பிரித்து, தன் கண்ணால் பார்த்து, குப்பையில் போட்டிருக்கிறாள்.

"துப்புவா" என்றாள். "துப்பியிருக்கா. நான் பாத்தேன்... அப்ப எனக்குத் தெரியல."

"வழக்கமா யார் ஊட்டுவாங்க? அவங்கள வரச் சொல்லுங்க. எனக்கு அவங்ககிட்ட பேசணும்."

சலவைக்கூடத்தில் ஆவி முகத்தில் அடித்தது. நாத்தனார் இன்னொருத்தியோடு சேர்ந்து ஒரு படுக்கை விரிப்பை இழுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"கடுகு எப்படி இருக்கா?"

"ஆஸ்பத்திரில இருக்கா, நர்ஸ் பாத்துக்கிறாங்க. டாக்டர் ஏதேதோ கேக்குறாங்க. எனக்கு ஒண்ணுக்குக்கூட பதில் தெரியலம்மா." பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வரிசையின் அந்தப் பக்கம் நின்றாள்.

நாத்தனார் விரிப்பை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு, மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் போலச் சொன்னாள். கறி, ரொட்டியின் ஓரம், வேகாத அரிசி, இவை மாட்டும். கடுகு நெஞ்சுக்கு நடுவில் கையை வைத்து "இங்க நிக்குது அத்தை" என்பாள். கத்தரிக்கோலால் பொடியாக வெட்டி, வாய்க்கு ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்தால் முக்கால்வாசி இறங்கும். இறங்காததைத் துப்பச் சொல்லி வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் வாந்தி வராது. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரமாகும். அவசரப்படுத்தினால் அடைத்துக்கொள்ளும்.

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன் என்கிட்ட சொல்லல?"

"அம்மா திட்டுவாங்க, சொல்லாதேன்னு அவ சத்தியம் வாங்கிட்டா. பிடிவாதம்னு டாக்டரே சொன்னதும் நானும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா அன்னைக்கு நீங்க என்னன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணி. நீங்க கேக்கல. பையத் திறன்னுதான் சொன்னீங்க."

நாத்தனார் மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டு கூடவே கிளம்பினாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடுகின் உணவுக்குழாய் உள்ளே வீங்கிச் சுருங்கியிருந்தது. ஏதோ ஒரு சாப்பாடு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை; ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை மருந்து, மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "நீங்க பொடிசா வெட்டிக் குடுத்தீங்களே, அதனாலதான் இவ்வளவு நாள் பெருசா அடைக்காம தப்பிச்சது" என்றார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குத் தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. வராந்தாவுக்கு வந்ததும் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரும்மா. வீட்டுக்கு வந்துரு" என்றாள்.

"வரேன் அண்ணி. பிள்ளையைப் பாக்க தினமும் வரேன்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "தங்க மாட்டேன்."

சொன்னபடியே வேலை முடிந்ததும் வந்தாள், போனாள். முதல் மருந்துப் புட்டி காலியாவதற்குள் கடுகு ஊறவைக்காத ரொட்டியே சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், "இன்னைக்கு நான் ஊட்டவா?" என்று அக்கா அனுமதி கேட்டாள். நாத்தனார் தட்டையும் கத்தரிக்கோலையும் அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அக்கா பொடியாக வெட்டி, ஒரு வாய் கொடுத்தாள். அவசரப்படுத்தவில்லை. தாடை அசைவதையும், தொண்டை ஏறி இறங்குவதையும், தண்ணீர் உள்ளே போவதையும் மூச்சு விடாமல் பார்த்தாள். இறங்கிவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது.

கடுகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே வாயை அகலத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துக்கோம்மா. எதையும் ஒளிச்சு வைக்கல."

வாயை மூடிக்கொள் கண்ணு, காட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் அக்கா நினைத்தாள். கன்னத்தை விடாமல், வாயையும் மூடாமல், அம்மா சரி என்று சொல்வதற்காகக் குழந்தை காத்துக்கொண்டிருந்தது.