முதல் வாரத்து அட்டை

பசையக்காவுக்கு அன்று காலையிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது. காரணம், அவள் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்தியாளர். ஒரு வாரப் பத்திரிகையில் போரை எதிர்த்து மூன்று வருஷம் பத்தி எழுதிப் பேர் வாங்கியவர். அந்தப் பக்கங்களைப் பசை தடவி அட்டையில் ஒட்டியவள் இவள்; பேரும் அப்படி வந்ததுதான். பத்திரிகையை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த மூல அட்டைகளை அள்ளிவந்து, முப்பது வருஷமாகத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். இப்போது ஒரு நூலகம் அவற்றைக் கேட்டிருக்கிறது. மத்தியானம் வண்டி வருகிறது.

“ஒரே ஒரு தடவை பாத்துட்டுக் குடுத்துடறேம்மா” என்று வந்த மனிதர், இரண்டு மணி நேரத்தில் மூன்று டீ குடித்துவிட்டு, ஓர் அட்டையில் பேனாவால் காற்புள்ளி வேறு வைத்திருந்தார்.

“சார், அது மூலம். அதுல கை வைக்காதீங்க.”

“என் எழுத்துதானேம்மா?”

“எழுத்து உங்களோடது. அட்டை என்னோடது. எடுங்க கைய!”

அந்தக் காலத்தில் கட்டுரை, எந்திரத்திலிருந்து நீள நீளமான தாளாக வரும். பிளேடால் நறுக்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டையைப் படமெடுத்துத்தான் அச்சடிப்பார்கள். திருத்தம் வந்தால் பழையதை உரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. புதியதை அதன் மேலேயே ஒட்டிவிடுவாள்.

முதல் வாரத்து அட்டையை அவர் தூக்கினார். பசை காய்ந்து உயிர் போயிருந்தது. மேல் தாள்கள் பொலபொலவென்று மேசையில் கொட்டின. அடியில் இருந்த தலைப்பு பளிச்சென்று தெரிந்தது: ‘இந்தப் போர் அவசியம்’.

அவர் முகம் வெளிறியது. “இதக் கிழிச்சுப் போட்டுடும்மா.”

பசையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கம் ஒட்டுகிறவர்கள் எதையும் படிப்பதில்லை. ஓரம் நேராக நிற்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அவளும் அந்த முதல் வாரத்தில் இந்தக் கட்டுரை முழுவதையும் படிக்காமலே ஒட்டிவிட்டாள். கடைசி வரி பிதுங்கியதால் அதை நறுக்கப்போனபோதுதான் கண்ணில் பட்டது: ‘வீட்டுக்கு ஒரு பிள்ளை புறப்படட்டும்’. அவளுடைய ஒரே தம்பியைப் போர்முனைக்கு அனுப்பி அன்றோடு நான்கு நாள். பிளேடைக் கீழே வைத்துவிட்டாள். “என் தம்பி அங்க இருக்கான். இந்தப் பக்கம் என் கையால போகாது” என்றாள். ஆசிரியர் கத்தினார், கெஞ்சினார். ஒட்டுவதற்கு வேறு ஆள் இல்லை, அச்சகம் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் பத்தியாளர் மூலையில் உட்கார்ந்து போரை எதிர்த்து வேறொன்று எழுதிக் கொடுத்தார். ஊரையே பேசவைத்தது அதுதான்.

தம்பி திரும்பி வரவில்லை. இவரோ மேடை மேடையாக ஏறி, “முதல் நாள்லேர்ந்தே எதிர்த்தவன் நான்” என்று முழங்கினார். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தாள். அவர் மாறியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். மாறவே இல்லை என்று சாதித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

“அன்னிக்கு என்ன நெலமைன்னு உனக்குத் தெரியாதும்மா” என்றார் பத்தியாளர் இப்போது. “எதிர்த்து எழுதினவனை எல்லாம் தூக்கிட்டுப் போனாங்க. பயந்துட்டேன்.”

“அப்ப அதையே எழுதிக் குடுங்க. சேத்து ஒட்டறேன்.”

பேனாவைப் பிடித்தவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். வரலாறு வந்தது, உலக அரசியல் வந்தது, மனசாட்சி இரண்டு இடத்தில் வந்தது. அவள் இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தாள்.

“பயம் எங்க சார்?”

“உள்ளர்த்தமா இருக்கும்மா.”

“கேமராவுக்கு உள்ளர்த்தம் தெரியாது. வேற எழுதுங்க.”

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் இன்னொரு தாளை எடுத்தார். இரண்டே வரி எழுதினார்: ‘பயந்துபோய் இதை எழுதினேன். பக்கம் ஒட்டும் பெண் மறுத்ததால் மாற்றினேன்.’

அவள் பசையைத் தொட்டு, அந்தத் தாளை அட்டையின் அடியோரத்தில் ஒட்டினாள். உதிர்ந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, தூக்கிப் பார்க்க வசதியாக மேல்விளிம்பில் மட்டும் பசை தடவி, பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினாள்.

“தம்பி பேரையும் போடட்டுமாம்மா?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“போடுங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் அவர் அவனைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் பேர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவள்தான் சொன்னாள்.