சைகோன் துறைமுகத்தில் என் அம்மிக்கல்

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் பெரும் பாவிகளாக இருந்திருப்பார்கள், அல்லது பெரும் தைரியசாலிகளாக. எனக்கு இரண்டுக்கும் சௌகரியப்படவில்லை. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருஷமாக நாலாம் பாரத்துக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். ஜட்காக் குதிரை தும்மினால் கடை ஓரமாக ஒதுங்கி நிற்பேன். இப்படிப்பட்டவனை ஆண்டவர் கடல் கடந்து கொண்டுபோனார், சொன்ன நாளில் திருப்பியும் கொண்டுவந்தார். அந்தக் கதைதான் இது.

இந்த 1934ஆம் வருஷம் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவிடுக்கில் சைகோன் தபால் கிடந்தது.

என் மனைவி தெரேசம்மாள் காரைக்காலில் பிறந்தவள். பிரெஞ்சுப் பிரஜை. பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவளுடைய அண்ணன் பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. அங்கே நம் ஜனங்கள் நிறைய இருப்பதால் தமிழ் தெரிந்த நர்ஸ் வேண்டும் என்று ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் போவது, எனக்கு அங்கே குடியேற அனுமதி வந்ததும் நான் பின்னால் போவது என்று ஏற்பாடு. புருஷன் அக்கரைச் சீமைக்குப் போவான், பெண்டாட்டி தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்பாள். உலகம் கண்ட வழக்கம் அதுதான். எங்கள் வீட்டில் வாசலில் நின்றது நான். பதினாலு மாதம் நின்றேன். என் குடியேற்ற மனுவுக்கு ஆம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டு பேரில் ஒருத்தி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடிதத்தைப் பிரித்தேன்.

“என்னங்க, பயப்படாதீங்க. வயித்துல ஒரு கட்டி இருக்குன்னு டாக்டர் சொல்றார். பாஸ்குத் திருநாள் கழிஞ்சு வர்ற வியாழக்கிழமை ஆப்பரேஷன். அண்ணி கூட இருப்பாங்க. நீங்க பயப்படாதீங்க.”

நாலு வரியில் இரண்டு முறை பயப்படாதீங்க. எழுதியவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று புரிந்துகொள்ள இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. ஆப்பரேஷனுக்கு முன்னால் அவள் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் தனியாக ஒரு அனுமதி கேட்டு மறுநாளே மனுப் போட்டேன். மூன்று வாரத்தில் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷப்பட்டேன். சீட்டைக் கையில் கொடுத்த குமாஸ்தாவுக்கு என் சந்தோஷம் பிடிக்கவில்லை.

“இது கப்பல் ஏறத்தான் சீட்டு. கரையில இறங்கறது அங்க இருக்கிற அதிகாரி இஷ்டம். நீர் திரும்பிப் போகமாட்டீர்னு அவருக்குச் சந்தேகம் தட்டினா அதே கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவார். உமக்குப் பெண்டாட்டி அங்க. குடியேற மனுவும் போட்டிருக்கீர். சந்தேகம் வராம இருந்தாத்தான் அதிசயம்.”

அதன் பிறகு ஹெட்மாஸ்டர். அந்த மனிதர் மனம் இளக வேண்டும் என்று அர்ச்சியசிஷ்ட அந்தோனியாருக்கு ஒன்பது நாள் நவநாள் செய்தேன். பத்தாம் நாள் போய் நின்றேன்.

“என்ன ஓய், பரீட்சை வந்துண்டிருக்கு, நீர் கப்பல் ஏறப்போறேங்கறீர்? உம்ம வகுப்புப் பேப்பரை யார் திருத்தறது, உம்ம அந்தோனியாரா?”

கடைசியில் லீவு கொடுத்தார். கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதமும் கொடுத்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் காலை முதல் மணி அடிக்கும்போது நான் என் வகுப்பில் நின்றுகொண்டிருக்க வேண்டும், தவறினால், பதினெட்டு வருஷ சேவை எதையும் பொருட்படுத்தாமல் என் இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும், காரணங்கள் கேட்கப்படமாட்டா. இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது. அந்தக் கடிதத்தை மடித்து என் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். தினம் ஜெபிக்கும்போது ஆண்டவரிடம் எடுத்துக் காட்டி, “பாரும், இதற்காகவா ஒன்பது நாள் முழங்காலில் நின்றேன்?” என்று கேட்பேன். அவர் பதில் சொல்லவில்லை.

நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. இந்தப் பங்கை விட்டு வெளியூர் போகிறவர் யாரானாலும் பங்குச் சுவாமியார் கையெழுத்துப் போட்ட கோயில் சீட்டு இல்லாமல் போகக்கூடாது. நம் உபதேசியார் சவரிமுத்து அவர்கள் அதை லத்தீனில் எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுக்கே கொண்டுவந்தார்.

“மூணு மாசத்துக்கு எதுக்கு உபதேசியாரே?” என்றேன்.

“மூணு மாசத்துல மனுஷன் சாகமாட்டானா வாத்தியாரே? சீட்டு இல்லாம போய்ச் செத்தா, யாரோ அஞ்ஞானின்னு நெனச்சு கல்லறை வேலிக்கு வெளியே பொதைச்சிடுவான். பெட்டிக்கு அடியில வச்சிக்கிங்க.”

இந்த ஆறுதலோடு நான் பெட்டி கட்ட உட்கார்ந்தேன். அப்போது பக்கத்து வீட்டு ரோசாலி அக்கா இடுப்பில் எதையோ இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். ஒரு அம்மி. சின்ன அம்மிதான், ஆனால் அம்மி. குழவியும் சேர்த்து.

“அக்கா, கப்பல்ல அம்மியை எப்படி...”

“வயித்தை அறுத்தவளுக்குப் பத்தியம் எதுல அரைப்பே? ஒன் தலையிலயா? அந்த ஊர்ல சுக்கு, மிளகு அரைக்கிற கல்லு கீதோ இல்லியோ, யாரு கண்டா? பேசாம எடுத்தும்போ.”

ரோசாலி அக்காவிடம் மாட்டேன் என்று சொன்னவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை. அம்மிக்குத் துணையாக இட்லித் தட்டு, வடகம், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் வந்து சேர்ந்தன. துறைமுகத்துக்குப் போன ஜட்காக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இன்னா நைனா, வூட்டையே பேத்துக்கினு போறியா?”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

சிங்கப்பூரில் கப்பல் மாறிச் சைகோன் போக வேண்டும். இரண்டு கப்பலிலும் என்னோடு வந்தவர் திருவல்லிக்கேணி காதர் பாய். சைகோனில் ஜவுளி வியாபாரம். அந்தத் துறைமுகத்தில் பலமுறை இறங்கியவர். என் கதையைக் கேட்டுத் தாடியைத் தடவினார்.

“வாத்தியாரே, நான் சொல்றதைக் கேளுங்க. சம்சாரம் அங்க கீறாங்கன்னு மூச்சு விடாதீங்க. ஊர் பாக்க வந்தேன், மச்சான் வூட்ல தங்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லுங்க. போன தபா எங்கூட வந்த ஒருத்தன் உண்மையைச் சொன்னான். அவன் கால் மண்ணுல படவே இல்ல.”

சைகோனுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. பொழுது போகாமல் பெட்டியைக் கிளறியபோது உபதேசியார் கொடுத்த உறை கையில் வந்தது. கடல் ஈரத்தில் ஒட்டு விட்டிருந்தது. எடுத்துப் படித்தேன். பூசைப் புத்தகம் புரட்டிப் புரட்டி எனக்குக் கொஞ்சம் லத்தீன் வரும். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

உபதேசியாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாசகம். முப்பது வருஷமாகப் பழைய புத்தகத்தைப் பார்த்து அதையேதான் எல்லாருக்கும் எழுதுகிறார். பெயரை மட்டும் மாற்றுவார். வேலூருக்குக் குடிபோகிற குடும்பத்துக்கும் அதுதான், சைகோனைப் பார்த்துவிட்டு வரப்போகிற எனக்கும் அதுதான். “எங்கள் பங்கை விட்டு நிரந்தரமாக உங்கள் பங்கில் குடியேற வருகிற இவரை உங்கள் சொந்த மந்தையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.” கீழே சுவாமியார் கையெழுத்து. முத்திரை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்குப் போனேன். கடலில் போட்டுவிட வேண்டும். கையை நீட்டியும் விட்டேன். சுவாமியாரின் கையெழுத்தைக் கடலில் எறிந்துவிட்டுச் செத்துப்போனால்? வேலிக்கு வெளியே புதைப்பார்களே! எறியவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம். திரும்பி வந்து பெட்டிக்கு அடியிலேயே வைத்தேன். தைரியத்தால் ஒரு நல்ல காரியம்கூட நான் செய்ததில்லை. இதுவும் அப்படித்தான்.

பெரிய சனிக்கிழமை காலை, பாஸ்குவுக்கு முந்தின நாள். ஆற்று வழியாகக் கப்பல் சைகோனுக்குள் நுழைந்தது. கரையில் ஒரு நீளக் கொட்டகை. வரிசை. காதர் பாய் எனக்கு முன்னால் நின்று, ஒரு நிமிஷத்தில் வெளியே போய்விட்டார். போகிற போக்கில் திரும்பி வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

வரிசை நகர்ந்தது. அப்போது செய்த ஜெபத்தை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். “ஆண்டவரே, பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உண்மை சொல்லவும் தைரியம் இல்லை. இரண்டில் ஒன்றைக் கொடும். எதைக் கொடுத்தாலும் அவளைப் பார்க்கவிடும்.” அழகான ஜெபம் இல்லைதான்.

அதிகாரி நரைத்த மீசைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்க்கப் புதுச்சேரிக்காரர் ஒருவர்; அதிகாரியை ‘முசே’ என்பார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வடகம் வந்தது. இட்லித் தட்டு வந்தது. பிறகு அதிகாரி இரண்டு கையாலும் அம்மியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். மேஜை அதிர்ந்தது.

“முசே கேக்குறார், மூணு மாசம் பாத்துட்டுப் போக வந்தவன் எதுக்குய்யா கல்லு கொண்டாந்தே?”

நான் வாயைத் திறக்கும் முன் பெட்டியின் அடியிலிருந்து கோயில் சீட்டு வெளியே வந்தது. லத்தீன் இவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பையன்போல உதட்டை அசைத்து அசைத்துக் கடைசி வரி வரையில் படித்தார். மீசை இறங்கியது.

“உன் சொந்தக் கோயிலே நீ திரும்பமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்குங்கிறார். உன் சம்சாரம் இங்கயா இருக்கு?”

மச்சான் வீடு, ஊர் பார்க்க வந்தேன் எல்லாம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தன. வெளியே வந்தது வேறு.

“இருக்கிறாள். வியாழக்கிழமை அவளுக்கு ஆப்பரேஷன். கல் அவளுக்குப் பத்தியம் அரைக்க. இங்கேயே அவளோடு இருக்க மனுப் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. பதில் வருகிறவரைக்கும் ஊரில் போய்க் காத்திருப்பேன்.”

புதுச்சேரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அடப்பாவி மனுஷா, இதையெல்லாம் அப்படியே சொல்லிடவா? கொஞ்சம் கொறைச்சுக்கட்டுமா?”

“குறைக்காதீங்க” என்றேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பல் கிடுகிடுத்தது. பயம் இருக்கும்போதே உண்மையும் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

“திரும்பிப் போவேங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

நிலம் இல்லை. வீடு வாடகை வீடு. பிள்ளை குட்டி இல்லை. அத்தாட்சியாக நான் காட்டக்கூடியது எதுவும் உலகத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் கப்பலின் ஏணி இன்னும் எடுக்கப்படவில்லை என்பது கண்ணில் பட்டது.

அதிகாரி மிச்சம் இருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்துத் தலைகீழாக உதறினார். மடித்த காகிதம் ஒன்று அம்மியின்மேல் விழுந்தது. ஹெட்மாஸ்டர் கடிதம்.

புதுச்சேரிக்காரர் அதைப் பிரெஞ்சில் வாசிக்க வாசிக்க அதிகாரியின் மீசை ஏறிக்கொண்டே வந்தது. “காரணங்கள் கேட்கப்படமாட்டா” என்ற இடம் வந்ததும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“முசே சொல்றார், அவரும் இப்படி ஒரு ஹெட்மாஸ்டர்கிட்டதான் படிச்சாராம். இன்னும் கனவுல வர்றாராம். ‘இந்த ஆள் போயிடுவான், முதல் மணிக்கு முன்னாடியே போய் நிப்பான், விடு’ங்கிறார்.”

முத்திரை விழுந்தது. கொட்டகைக்கு வெளியே வந்தபோது ஊருக்குள் எங்கோ கோயில் மணிகள் அடித்தன. ஆண்டவரின் பாடுகளுக்காகப் பெரிய வியாழக்கிழமையிலிருந்து கட்டிப்போட்டிருந்த மணிகளைப் பெரிய சனி காலையில் அவிழ்த்துவிடுவது எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். தெருவிலேயே முழங்காலில் விழுந்தேன். பாதி ஜெபத்துக்காக, பாதி, கால் நிற்கவில்லை.

தெரேசு இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து அழுதாள். பிறகு அம்மியைப் பார்த்தாள்.

“ஐயோ, இதையா தூக்கிட்டு வந்தீங்க? அண்ணன் வீட்ல இதைவிடப் பெரிசா ஒண்ணு கெடக்குதுங்க!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் வலி இல்லாமல் சிரித்து ஆறு மாதம் ஆயிற்று என்று அண்ணி பிற்பாடு சொன்னார்.

வியாழக்கிழமை அவளை உள்ளே கொண்டுபோகும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வராந்தாவில் ஜெபமாலை. டாக்டர் வெளியே வந்து பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை. முகம் புரிந்தது. கட்டி நல்ல கட்டி, பொல்லாத வகை இல்லை என்று மச்சான் வந்து விளக்கினார். ரோசாலி அக்காவின் அம்மியில்தான் நாற்பது நாளும் பத்தியம் அரைத்தேன். நானே அரைத்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த காலை, முதல் மணிக்குக் கால் மணி முன்னால் நான் வகுப்பில் இருந்தேன். ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் கடிதத்தால்தான் சார் நான் கரையில் இறங்கினேன், அவள் முகத்தைப் பார்த்தேன் என்று நடந்ததைச் சொன்னேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“ஆத்துக்காரி சௌக்கியமா இருக்காளோன்னோ? சரி. அடுத்த தரம் இன்னும் கடுமையா எழுதித் தரேன். வகுப்பைப் பாரும்.”

அந்தோனியாரிடம் இளகிய ஹெட்மாஸ்டரைக் கேட்டேன். இளகின ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கொண்டு என்னால் ஒரு படிகூட இறங்கியிருக்க முடியாது. கேட்டதைக் கொடுக்கவில்லையே என்று நான் தினம் ஆண்டவரிடம் நீட்டிக் காட்டிய அந்தக் காகிதமேதான் அவர் எனக்குக் கொடுத்த பதில். அன்று முதல் அந்த மனிதருக்காகத் தினம் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறேன். அவரிடம் சொல்லவில்லை, பயம்.

இந்த வருஷம் மாதாவின் ஆகஸ்டுத் திருநாளுக்கு முந்தின வாரம் குடியேற்ற அனுமதி வந்தது. வரும் மாதம் கப்பல். உபதேசியார் நேற்று சீட்டு கொண்டுவந்தார். அதே வாசகம், தேதி மட்டும் வேறு. இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பெட்டி லேசாக இருக்கிறது. அம்மி எனக்கு முன்னாலேயே அங்கே குடியேறிவிட்டது. அதனிடம் யாரும் மனுக் கேட்கவில்லை.

உங்களில் யாராவது பதில் வராத கடிதத்துக்காக வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். தைரியம் வரட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்றுவரை வரவில்லை. நடுங்குகிற முழங்காலையே மடக்குங்கள். கேட்டது கிடைக்காமல் கையில் வேறேதாவது கொடுக்கப்பட்டிருந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருங்கள். எந்தக் கரையில் அது விழுந்து உங்களுக்காகப் பேசுமோ, அவருக்குத் தெரியும்.